விரற்சுழலி

2017ஆம் ஆண்டில் ‘ஸ்பின்னர்’ எனப்பட்ட விரற்சுழலி உலகெங்கும் சிறுவர் கைகளில் சுழன்றது. நடுவே ஒரு பேரிங், சுற்றிலும் மூன்று இதழ்கள். ஒருமுறை சுண்டினால் நெடுநேரம் சுழலும். மன இறுக்கத்தைத் தணிக்கும் என்று சொல்லி விற்றனர். அதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல பள்ளிகள் அதற்குத் தடை விதித்தன. எங்கள் தூத்தூர்க் கடற்கரைக்கும் அது வந்தபோது, காசைக் கரியாக்கும் பொருள் என்றே எண்ணினேன். என் பாட்டி மடியில் முடிந்து வைத்திருந்த மஞ்சாடி விதைகளை உருட்டியபடியேதான் கதை சொல்வார். அதை யாரும் மருந்து என்று சொன்னதில்லை.

அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைச் சூறையாடியது. ஆழ்கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அடுத்த வீட்டுச் சிறுவனின் தந்தையும் அவர்களுள் ஒருவர். கரையில் மகளிர் செபமாலை உருட்டியபடி காத்திருந்தனர். அவர்களிடையே அமர்ந்திருந்த அச்சிறுவன், சுழலி ஓயுமுன் மீண்டும் மீண்டும் சுண்டினான். எனக்குச் சினம் வந்தது.

“இந்த நேரத்திலும் விளையாட்டா?” என்றேன்.

“கை சும்மா இருந்தா அழுகை வருது, மாமா.”

நான் வாய்மூடி அவனருகில் அமர்ந்தேன்.

புயலில் சிக்கிய படகுகளுள் சில இலட்சத்தீவு, மகாராட்டிரம், குசராத்துக் கரைகளில் ஒதுங்கியிருந்தன. சில நாள்களுக்குப்பின் அவன் தந்தையின் குரல் இலட்சத்தீவிலிருந்து தொலைபேசியில் ஒலித்தது. சுழலியை மணலிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். செபமாலையோடு இருந்த மற்றவர்கள் எழவில்லை. மணலில் கிடந்த சுழலியை எடுத்தேன். இருட்டும்வரை என் விரல்கள் அதைச் சுண்டிக்கொண்டே இருந்தன.