ஐந்தாவது ஆள்

2016 நவம்பர் 19ஆம் தேதி, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து டெர்ரா ஹோட் என்ற ஊரின் ஓரத்தில் ஒரு புல்வெளியில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் ஒரு எண் சொன்னேன். 19 என்றேன். அந்த எண் பொய். நான் சொன்ன பொய்களில் இது பெரியதல்ல. மற்றவற்றை மறக்க முடிந்திருக்கிறது, இதை முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று அங்கே அமெரிக்கக் கல்லூரிகளின் கிராஸ்கன்ட்ரி ஓட்டத்துக்கான தேசியப் போட்டி நடந்தது. இண்டியானாபொலிஸில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை காரில் அழைத்துப் போனார். நான் போனது ஒரே ஒரு ஆளைப் பார்க்க. ஆரிகன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் செசரெக். கென்யாவில் பிறந்தவர். 2013, 2014, 2015 என்று தொடர்ந்து மூன்று வருஷம் தனிநபர் பட்டம் வென்றிருந்தார். ஜெர்ரி லிண்ட்கிரென், ஸ்டீவ் பிரிஃபான்டெய்ன், ஹென்றி ரோனோ ஆகியோர் அவருக்கு முன்பு மும்மூன்று முறை வென்றவர்கள். ஆனால் தொடர்ந்து அல்ல. ஆண்களில் நான்காவது முறை வென்றவர் யாருமில்லை. 1978இல் ரோனோ 81 நாட்களுக்குள் நான்கு உலக சாதனைகள் செய்ததைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மீது எனக்கு ஒரு பக்தி. ரோனோவும் அப்போது ஒரு அமெரிக்கக் கல்லூரியின் மாணவர்தான். நான்காவது பட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

டெர்ரா ஹோட் தியோடர் டிரைஸர் பிறந்த ஊர். யூஜீன் டெப்ஸ் பிறந்ததும் அங்கேதான். இதை மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்றார். ஓட்டப் பாதை இருக்கும் இடம் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். மண்ணை மூடிப் புல் வளர்த்து, இதற்கென்றே 1997இல் பாதை அமைத்திருக்கிறார்கள். மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடந்தது. காற்று காதைப் பிடித்துத் திருகிற்று.

இந்த ஓட்டத்தைப் பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கிரிக்கெட் கூட்டத்தைப் போல் ஒரே இடத்தில் உட்கார்ந்து அபிப்ராயம் சொல்கிறவர்கள் அல்ல இவர்கள். ஓட்டம் ஒரு வளைவில் தெரிந்து மறையும். உடனே கூட்டம் முழுவதும் புல்வெளியின் குறுக்கே அடுத்த வளைவுக்கு ஓடும். தாய் தகப்பன்மார், பழைய ஓட்டக்காரர்கள், கழுத்தில் மணி கட்டிய பையன்கள், கைத்தடியோடு ஒரு கிழவர் என்று எல்லாருமே ஓடினார்கள். ஓடிக்கொண்டே விவாதம் செய்தார்கள். அவர்கள் பேச்சில் செசரெக்கின் பெயர் அவ்வளவாக இல்லை. அது எனக்கு முதலில் ஏமாற்றமாகவும் பிறகு புதிராகவும் இருந்தது. "ஐந்தாவது எங்கே?" "ஐந்தாவது ஆளைப் பார்த்தாயா?" இதுதான் எங்கும் கேட்டது.

கணக்கு இதுதான். ஒரு கல்லூரிக்கு ஏழு பேர் ஓடுகிறார்கள். முதல் ஐந்து பேர் பிடிக்கும் இடங்களைக் கூட்ட வேண்டும். முதலாவதாக வந்தால் 1, நாற்பதாவதாக வந்தால் 40. எந்தக் கல்லூரிக்குக் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை. குழு இல்லாமல் தனியாகத் தகுதி பெற்று ஓடுகிறவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். ஆறாவது, ஏழாவது ஆட்களுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் அவனை ஒரு படி கீழே தள்ளலாம். ஒரு அணி எட்டக்கூடிய மிகக் குறைந்த புள்ளி 15. முன்னால் ஓடும் ஒருவன் எத்தனை அபாரமாக ஓடினாலும் தன் அணிக்கு ஒன்றுக்குக் கீழே எதையும் கொடுத்துவிட முடியாது. நடுக்கூட்டத்தில், இருநூறு பேர் நெருக்கியடிக்கும் இடத்தில் ஓடுகிற ஐந்தாவது ஆள் ஒரு நிமிஷம் மனம் தளர்ந்தால் முப்பது புள்ளி போய்விடும். கோப்பை போவதும் வருவதும் அங்கேதான், யாரும் படம் எடுக்காத இடத்தில்.

அந்தப் பெண்மணிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தொப்பி போட்டிருந்தார். கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், பென்சில். எல்லாரும் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்ட நெரிசலில் அது எதையும் காட்டவில்லை. இவர் அதை நம்பி வந்தவர் அல்ல. பேச்சுக் கொடுத்தேன். தன் இளமையில் கல்லூரிப் பெண்களுக்கு இந்தப் போட்டி கிடையாது என்றார். அது உண்மை. ஆண்களுக்கு இது 1938இல் தொடங்கியது. பெண்களை இதே அமைப்பு சேர்த்துக்கொண்டது 1981இல்தான். அவர் ஓடியதுண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பெண்கள் ஓட்டம் முதலில். 6 கிலோமீட்டர். மிச்சிகனுக்கும் ஆரிகனுக்கும் இடையே நெருக்கமாக இருக்கும் என்று அவர் கணித்திருந்தார். பாதி தூரம் தாண்டியதும் என்னிடம், "எனக்காக ஒரு காரியம் செய்வீர்களா? நான் மேட்டுக்குப் போகிறேன். எங்கள் நாலாவது பெண் இந்த வளைவைக் கடந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். ஐந்தாவது பெண் வரும்வரை எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும்" என்றார். சரி என்றேன். பெருமையாகக்கூட இருந்தது. அவர் புல்வெளியில் ஓடினார்.

எண்ண ஆரம்பித்தேன். பெண்கள் மூன்று மூன்றாக, நான்கு நான்காக வந்தார்கள். சேறு தெறித்த முழங்கால்கள், வாயில் நுரை. 11 வரை எண்ணியது நிச்சயம். அப்போது எனக்குப் பின்னால் ஒரு சலசலப்பு. மாப்பிள்ளை என் தோளைத் தொட்டு, "மாமா, அதோ, அவர்தான்" என்றார். ஆண்கள் போட்டிக்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஆரிகன் பையன்கள் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் செசரெக். சின்ன உருவம். தரையில் கால் பட்டதா என்று தெரியாத ஓட்டம். எத்தனை நேரம் பார்த்தேனோ தெரியாது. திரும்பியபோது ஒரு மிச்சிகன் சட்டை வளைவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அது ஐந்தாவது பெண்ணா, ஐந்தாவது போய்விட்டு ஆறாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தவறவிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். நான் "19" என்றேன். தயங்காமல் சொன்னேன். அவர் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

முடிவு அறிவித்தார்கள். ஆரிகன் 125, மிச்சிகன் 126. ஒரு புள்ளி. மிச்சிகனின் எரின் ஃபின் தனிநபர் வரிசையில் இரண்டாவது. அப்படியும் போதவில்லை. குழுக்கணக்கில் வரும் வேறொரு கல்லூரிப் பெண் ஒருத்தியை மிச்சிகனின் ஐவரில் ஒருத்தி முந்தியிருந்தால் சமநிலை. முந்தப்பட்டவள் ஆரிகனின் ஐவரில் ஒருத்தியாக இருந்திருந்தால் கோப்பையே கிடைத்திருக்கும். பெண்மணியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எங்கே போயிற்று அந்தப் புள்ளி என்று விவாதம். அவர் தாளைப் பார்த்து, ஒவ்வொரு வளைவாகக் கணக்கிட்டு, கடைசியில் நான் நின்ற வளைவுக்கு வந்தார். "இங்கே இவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். 19தான் வித்தியாசம். இதற்குப் பிறகுதான் விட்டுவிட்டாள்" என்றார். கூட்டம் ஆமோதித்தது. ஒருவர், அந்தப் பெண்ணுக்கு மனோதிடம் போதாது என்றார். இன்னொருவர், போன வருஷமும் இதே கதை என்றார்.

ஒரு இருபது வயதுப் பெண். உயிரைக் கொடுத்து ஓடியிருப்பாள். அவள் கடைசியில் விட்டுவிட்டாளா, அல்லது கடைசியில்தான் பத்துப் பேரை முந்தினாளா, எனக்குத் தெரியாது. அங்கிருந்த யாருக்கும் தெரியாது. தெரிந்ததாக அவர்கள் நினைத்ததற்குக் காரணம் நான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஆண்கள் ஓட்டத்துக்குக் காத்திருந்தபோது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. கைத்தடிக் கிழவர் அந்த மாநிலத்துக்காரர். வெளிநாட்டுப் பையன்களைக் கொண்டுவந்து ஓடவிடுவது நியாயமா என்று ஆரம்பித்தார். டெக்ஸாஸின் எல் பாஸோ பல்கலைக்கழகம் 1981இல் 17 புள்ளியில் வென்றதை நேற்று நடந்த அநியாயம்போல் சொன்னார். அந்த அணியில் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள் என்பது அவருடைய வருத்தம். அமெரிக்காவில் தேர்தல் முடிந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனால் நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளை ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மிச்சிகன் பெண்மணி மட்டும், "முடிவுத் தாளில் பெயர் இருக்கும், கல்லூரி இருக்கும். பிறந்த நாடு என்று ஒரு பத்தி நான் பார்த்ததில்லை" என்றார். தாளை மதிக்கிறவர் பேசுகிற பேச்சு. எனக்கு அவமானமாக இருந்தது.

10 கிலோமீட்டர். செசரெக் வெல்லவில்லை. கடைசிக் கட்டத்தில் முன்னால் போன இருவரை அவரால் பிடிக்க முடியவில்லை. வில்லனோவாவின் பாட்ரிக் டியர்னன் முதல், சிரக்யூஸின் ஜஸ்டின் நைட் இரண்டாவது, செசரெக் மூன்றாவது. டியர்னன் ஆஸ்திரேலியர், நைட் கனடாக்காரர். முதல் மூவரில் அமெரிக்கர் ஒருவரும் இல்லை. கிழவர் டியர்னனுக்குக் கை தட்டினார். "கெட்டிக்காரப் பையன், கடும் உழைப்பு" என்றார். ஆஸ்திரேலியா அவருக்கு வெளிநாடாகத் தெரியவில்லை. இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு முன்பே எண் தயாராக வைத்திருக்கிற மனிதர். ஆனால் அன்று அவரைக் கண்டிக்கும் யோக்யதை எனக்கு இல்லை. என் எண்ணும் பார்க்காமல் சொன்னதுதான்.

குழுக் கோப்பை நார்தர்ன் அரிசோனாவுக்கு. அவர்கள் அதை வெல்வது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு பலமுறை வென்றுவிட்டார்கள். 2022இல் ஒக்லஹோமா மாநிலத்து ஸ்டில்வாட்டரில் நடந்த போட்டியில் அவர்களுக்கும் ஒக்லஹோமா ஸ்டேட் அணிக்கும் 83-83 என்று சமநிலை. சமநிலையைத் தீர்க்க இவர்கள் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடித்தது. எந்த அணியில் பெரிய ஓட்டக்காரன் இருக்கிறான் என்று பார்ப்பதில்லை. இவன் முதல் ஆளோடு அவன் முதல் ஆள், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஐந்தாவதுவரை ஒப்பிட்டு, அதிக ஜோடிகளில் முந்தியவர்களுக்குக் கோப்பை. நார்தர்ன் அரிசோனா வென்றது. செய்தியைப் படித்தபோது அந்தப் பெண்மணி எந்த வளைவில் நின்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தேன். இந்த முறை நல்ல ஆளாகப் பார்த்துக் கேட்டிருப்பார்.

இதையெல்லாம் ஒரு இலக்கியப் பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊர் திரும்பியபின், நான் முன்பு எழுதிய கட்டுரைகளைத் தொகுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். எடுத்துப் படித்தேன். ஒரு பத்து வருஷக் கவிதைகளைப் பற்றிய கட்டுரை ஒன்று. மூன்று கவிஞர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். அவை இப்போதும் நிற்கின்றன, அவர்களைப் படித்திருந்தேன். அதன்பின் ஒரே வாக்கியத்தில் ஐந்து பெயர்கள். "இவர்களிடம் தொடக்கத்தில் இருந்த வேகம் பின்னால் நீடிக்கவில்லை" என்று முடித்திருந்தேன். அந்த ஐவரில் இருவரின் இரண்டாவது தொகுப்பை நான் கண்ணால் பார்த்ததில்லை. எழுதிய அன்றும் அது எனக்குத் தெரியும். சினிமாச் சுவரொட்டியின் அடியில் "மற்றும் பலர்" என்று போடுவார்களே, அவர்கள் கௌரவமானவர்கள். யாரையும் தீர்ப்புச் சொல்வதில்லை.

அந்த வாக்கியத்தை அப்போது யாரும் மறுக்கவில்லை. மேற்கோள் காட்டியவர்கள் உண்டு. அந்த இருவரில் ஒருவர் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். என் வாக்கியத்தால் நிறுத்தினார் என்று சொல்லிக்கொள்வது வேறு மாதிரியான கர்வம். நான் அதைச் சொல்லவில்லை. அவருடைய இரண்டாவது தொகுப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் அனுப்பிவைக்கலாம், படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிவிடுகிறேன்.