முப்பத்திரண்டு கிலோ

திங்கள், இரவு

ரெக்ஸ் பட்டியடியில் சுருண்டு கிடக்கிறான். மத்தியானம் வைத்த சோறு தொடாமல் காய்ந்துவிட்டது. வாயைத் திறந்து முரசைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. காதுமடிப்பில் இரத்தம் குடித்து வீங்கிய உண்ணிகள்.

எருமைக் களவு கூடிப்போன காலத்தில் காக்கா கொண்டுவந்த அல்சேஷன் இவன். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் நாய் வளர்க்கிற வீடுகள் குறைவு. காவலுக்கும் மந்தைக்கும் நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடமுண்டு. ஆனால் அதன் எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. யாருக்கு அந்தச் சோலி? ஆகவே நாய் வைத்தியமும் இங்கே ஒருவருக்கும் தெரியாது. மாட்டு வைத்தியம் தெரியும், மனுச வைத்தியம் தெரியும். நாளையிலிருந்து இரண்டும் வாசலுக்கு வரும்.

செவ்வாய்

முதலில் வந்தது மாட்டு வைத்தியம். சாச்சா கையில் ஐவர்மெக்டின் போத்தல், கன்றுகளுக்குப் போட்டு மிஞ்சியது. "எருமக் கண்டுக்கே போடுறம், இவ்வளவு பெரிய நாய் தாங்காதா மகன்? ரெண்டு எம்எல் குத்தினா உண்ணியெல்லாம் கொட்டிப் போயிரும்."

நல்ல மருந்துதான். கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது. சிக்கல் அளவில் இருக்கிறது. மாட்டு ஊசியில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம். ஐம்பது கிலோ மாட்டுக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது கணக்கு. நாய்க்கு இதயப்புழு வராமல் மாதாமாதம் கொடுக்கும் அளவோ கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான். சாச்சாவின் இரண்டு எம்எல் அதைப்போல பல பத்து மடங்கு.

அதற்கு மேல் இனக்கோளாறு ஒன்றும் உண்டு. கொலி நாய்கள் இந்த மருந்துக்குத் தள்ளாடி விழுவதை 1980களிலேயே பார்த்திருக்கிறார்கள். காரணம் 2001இல்தான் வெளியானது. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கத்ரினா மீலியின் குழு கண்டுபிடித்தது: மருந்தை மூளைக்குள் போகவிடாமல் வெளியே தள்ளுகிற ஒரு புரதத்தின் மரபணுவில் நான்கு எழுத்துகள் குறைவு. கொலிகளில் பத்துக்கு ஏழில் இந்தக் குறை இருக்கிறது, அல்சேஷன்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்றில். அப்படிப்பட்ட நாய்க்குக் கூடுதல் அளவு போனால் கண்மணி விரியும், எச்சில் வடியும், பார்வை போகும், பிறகு நினைவும் போகும். மாற்றுமருந்து கிடையாது. வயிற்றோட்டத்துக்கு பாமசியில் சும்மா தருகிற லோபெரமைட் குளிசையும் அந்த நாய்களுக்கு இதே வேலையைத்தான் செய்யும். ரெக்ஸ் அந்தப் பத்தில் ஒன்றா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சாச்சாவுக்கு மரபணு பற்றிச் சொல்லவில்லை. "டொக்டரிட்டக் கேட்டுப் போட்டுப் பார்ப்பம் சாச்சா" என்றேன். போத்தலை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

புதன்

அடுத்தது மனுச வைத்தியம். உம்மா இரண்டு பனடோலைச் சோற்றில் பிசைந்து வைத்திருந்தார். கொட்டிவிட்டேன். உம்மாவுக்குக் கோபம்: "டெங்குக்கே பனடோல் மட்டும்தான் குடுங்க எண்டு ஆஸ்பத்திரியில சொல்றாங்க, நாய்க்கு என்ன வந்திச்சி?"

நியாயமான கேள்வி. டெங்குக் காய்ச்சலில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனக் கூடாது, பனடோல் போதும் என்பது இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உண்ணிக் காய்ச்சலிலும் இரத்தச் சிறுதட்டுகள் குறையும். ஆகவே முதல் பாதி நாய்க்கும் சரி. இரண்டாம் பாதிதான் பொருந்தாது. பராசிற்றமோல் கூடினால் நாயின் ஈரல் கெடும், இரத்தம் கபில நிறமாகி ஒட்சிசனைச் சுமக்காது. மிருக வைத்தியர் கொடுத்தாலும் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரைதான். பெரிய நாய் என்று உம்மா மனுச அளவில் மூன்று வேளையும் இரண்டிரண்டு கொடுத்திருந்தால் ஒரு நாளில் 3000 மில்லிகிராம்.

அதைக் கிலோவால் பிரிக்க முதலில் கிலோ தெரியவேண்டுமே. காக்கா நாற்பது என்கிறார், சாச்சா ஐம்பது என்கிறார்.

வியாழன்

நெல் நிறுக்கிற தராசைக் கேட்டுப் போனேன். முதலாளி என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு யூரியாப் பைகளைத் தட்டில் விரித்து, "பைய நீங்களே கொண்டு போயிரணும்" என்றார். காய்ச்சலின் சோர்வில் ரெக்ஸ் அசையாமல் நின்றான். அந்த வகையில் காய்ச்சல் உதவியது. முள் 32இல் நின்றது. மயிரும் உயரமும் சேர்ந்து எங்கள் எல்லோரையும் ஏமாற்றியிருக்கின்றன. உம்மாவின் கணக்கு அப்போது கிலோவுக்கு 94 மில்லிகிராம் ஆகிறது. ஈரல் கெடுகிற எல்லை நூறுக்குப் பக்கத்தில்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு

நாயை ஓட்டோவில் ஏற்றமாட்டார்கள். காக்காவின் பட்டா லொறியில் கிண்ணியாப் பாலம் தாண்டி திருகோணமலை டவுனுக்குப் போனோம். 2009இல் பாலம் திறக்குமுன் என்றால் படகுப் பாதையில் ஏற்றவேண்டும். ஆட்களுக்கு நடுவில் இவனை யார் விடுவார்கள்?

வைத்தியர் காதோரத்தில் குத்தி ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்தார். முதலில் உண்ணிக் கிருமி பபேசியா இருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் போடுகிற டிமினசீன் ஊசி எடையில் கொஞ்சம் தவறினாலும் மூளையைத் தாக்குமாம். நல்லவேளை, இது இன்னொரு உண்ணிக் கிருமி, எர்லிக்கியா. டொக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு மூன்று, 28 நாள். எடை கேட்டார். முப்பத்திரண்டு என்று நான் உடனே சொன்னதில் அவருக்கே ஆச்சரியம்.

"வெறும் வயித்தில குடுக்க வேணாம். பாலோட, தயிரோட குடுக்கவும் வேணாம்." கல்சியம் மருந்தைப் பிடித்துக் குடலிலேயே நிறுத்திவிடுமாம். தயிருக்குப் பேர்போன கிண்ணியாவில், சட்டி கழுவுமுன் நக்கிப் பழகிய நாய்க்கு இதைச் சொன்னால் விளங்குமா?

ஞாயிறு

குளிசையைச் சூடை மீனுக்குள் வைத்து, அதைச் சோற்று உருண்டைக்குள் வைத்து எறிகிறேன். கை அவன் வாய்க்குள் போகவேண்டியதில்லை, மண்ணும் தேவையில்லை. முரசில் கொஞ்சம் நிறம் தெரிகிறது. முந்தாநாள் வராத குரைப்பு இன்றைக்குச் சாச்சாவைப் பார்த்ததும் வந்தது.

இனி உண்ணி. அது நாயில் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பில் முட்டையிட்டு வைக்கும். பட்டிச் சுவருக்குச் சைபர்மெத்ரின் அடிக்கவேண்டும். அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. ஈரம் காயும்வரை உம்மாவின் பூனையை ராத்தா வீட்டில் விடலாம் என்றால், ராத்தா இன்னும் சம்மதிக்கவில்லை.