அப்பாவுக்கு ஒரு ஹெட்போன்

அப்பாவுக்குக் காது மந்தமாகி ரெண்டு வருஷமாச்சு. டிவி போட்டால் தெருமுனை வரை கேட்கும். பாப்பாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. "தாத்தா, கொஞ்சம் குறைங்க"ன்னு அவள் கேட்கவும், டிவியையே அணைச்சிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துட்டார். எனக்கு மனசு கேட்கலை.

ப்ளூடூத் வாங்கலாமே என்பீர்கள். எங்க வீட்டுப் பழைய பொட்டி டிவியில் அதுக்கு வழியில்லை. ஹெட்போன் துளை மட்டும் உண்டு.

அதிலிருந்து வரும் சத்தத்துக்கு ஏற்பக் கூடிக் குறைந்து எரிய ரெண்டு இன்ஃப்ராரெட் எல்இடி, அவற்றை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. அப்பா பக்கம் அதைப் பிடிக்க ஒரு போட்டோ டிரான்சிஸ்டர், பெருக்க 741 ஐசி, ஹெட்போனுக்கு முன்னால் இன்னும் ரெண்டு டிரான்சிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

முதல் நாள் ஒரே "கொர்ர்" சத்தம். டியூப்லைட் கரண்டோடு சேர்ந்து நொடிக்கு 100 தடவை துடிக்குது, அதையும் பிடிச்சிருக்கு! விளக்கை அணைச்சதும் செய்தி தெளிவா வந்தது. அப்பா தலையாட்டினார்.

ஒரே குறை, குறுக்கே ஆள் போனால் சத்தம் அறுந்துடும்.

நேத்து ராத்திரி தண்ணி குடிக்க வந்த பாப்பா, தாத்தா முன்னாடி குனிஞ்சு போனாள்.