தென்கடலிலிருந்து வடகடலுக்கு

மன்னார்த் தீவு மீனவருக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு விரிகுடா. தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பிவிட்டால் தென்கரையில் வள்ளம் தள்ளுவது பெரும்பாடு. அந்தக் காற்றை நம்பித்தான் 2020இல் அதே கரையில் தம்பபவனி மின்திட்டத்தின் 30 காற்றாலைகளை நட்டார்கள். வள்ளங்களோ வடகரைக்கு மாறும். வாடை தொடங்கியதும் திரும்பி வரும். இராமர் பாலத்து மணல்திட்டுகளைச் சுற்றி மண்ணெண்ணெய் எரிப்பதைவிட, சில கிலோமீற்றர் அகலத் தீவைத் தரைவழியே கடப்பது இலாபம்.

அப்படிப் பேசாலைக்குப் புறப்பட்ட ஒரு பிக்கப்பில் நானும் தொற்றிக்கொண்டேன். ஃபைபர் வள்ளத்தை ட்ரெயிலரில் ஏற்றியதும், 50 கிலோ அளவிலான இஞ்சினைக் கழற்றிப் பிக்கப்பில் பழைய வலைமேல் கிடத்தினார்கள். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் ஓட்டத்தில் வாலாட்டும்; பிக்கப்பையும் சேர்த்து ஆட்டும். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கொக்கிப் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். இலேசாக எழும்பியது. வள்ளத்தை ஒரு சாண் முன்னுக்கு இழுக்கச் சொன்னார். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அமர வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. அவருக்கு இடுப்பே தராசு.

தலைமன்னார் வீதியில் கழுதைகள். மன்னார்க் கழுதை ஹோர்னுக்கு மசியாது. சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னிருந்து பாரம் தள்ளி ட்ரெயிலர் மடங்கும். சாரதி தூரத்திலேயே கியரைக் குறைத்து ஊர்ந்தார்.

பேசாலையில்தான் உண்மையான வேலை. வடகடல் ஆழமில்லாதது. வள்ளம் மிதக்கும் இடம்வரை ட்ரெயிலரைப் பின்னுக்குத் தள்ளினால் பிக்கப்பின் பின்சக்கரம் ஈரமணலில் புதையும், பிரேக்கில் உப்பு ஏறும். அதனால் இறுகிய மணலிலேயே பிக்கப்பை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ட்ரெயிலரைக் கழற்றி நீளக் கயிற்றில் கட்டினார்கள்.

"இன்னும் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் என்ன?" என்றேன்.

"எடுக்கலாம் தம்பி. பிறகு வண்டியை இழுக்க டிரக்டர் தேட வேணும்" என்றார் சம்மாட்டி.

கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினார்கள். யாரும் ட்ரெயிலருக்கு முன்னால், அது உருளும் வழியில், நிற்கவில்லை. தண்ணீர் தொடுமுன் ஒரு பையன் வள்ளத்தின் அடித்துளைத் தக்கையை விரலால் அழுத்திப் பார்த்தான். இது மறந்துபோய்க் கரையோரத்திலேயே வள்ளம் நிரம்புவதுண்டாம்.

ட்ரெயிலரை மேலே இழுத்ததும் சக்கரங்களுக்கு வாளி வாளியாகக் கிணற்று நீர் ஊற்றினார்கள். உப்பு நின்றால் பேரிங் போய்விடும். சாரதி அதற்குள் அடுத்த வள்ளத்துக்கு வாடகை பேசத் தொடங்கியிருந்தார்.