நான் நிரப்பிய படிவம்

கொட்டாஞ்சேனையில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்தைக் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு கிராமத்திற்கு அனுப்பி வைக்கும் பொறுப்பு 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் எனக்குக் கிடைத்தது. லொறி ஒழுங்கு செய்து கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பாடசாலை விலகல் பத்திரம் எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதத்திற்கு உலர் உணவுக்கும் எழுதிக் கொடுத்தேன். எமது அலுவலகத்தில் அந்தக் கோவை நல்லபடியாக முடித்து வைக்கப்பட்ட ஒன்றாகவே இன்றும் அலுமாரியில் இருக்கின்றது. அதில் நான் விட்ட பிழையைப் பற்றித்தான் இங்கே எழுதுகின்றேன்.

அந்த வருடத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் மாதத்தில் 12.5 கிலோ காஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவானது. விலையைக் கொடுக்கக் காசிருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் என்று அறிவித்தார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னதும் அந்த வருடத்தில்தான். கொழும்பில் பட்டினி, ஊருக்குப் போனால் மரவள்ளியாவது கிடைக்கும் என்ற பேச்சு எல்லோர் வாயிலும் இருந்தது. அதற்கு முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் ஊர்களும் விளைச்சல் இழந்து கிடந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்த வீட்டு அண்ணை ஓட்டோ ஓடியவர். கியூ.ஆர். முறையில் வாரத்திற்கு ஐந்து லீற்றர் பெற்றோல்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு லீசிங் காசு கட்ட முடியாமல் வண்டி பறிபோனது. அவர் வெள்ளவத்தையில் எமது அலுவலகத்துக்கு வந்து, "ஊரில அப்பான்ர காணி கிடக்கு மிஸ். ரெண்டு ஏக்கர் வயலும் மேட்டுக்காணியும். அம்மா தனியத்தான் இருக்கிறா. நாங்கள் போனால் அவவுக்கும் துணை" என்றார். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருந்தது! எமது படிவத்தை எடுத்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குடும்பத் தலைவர், அவருடைய தொழில், தற்போதைய வருமானம், கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம், போகும் இடத்தில் காணி உண்டா. உண்டு என்று சரி போட்டேன். மனைவியின் தொழில் என்ற இடத்தில் அவர் சற்று யோசித்து, "வீட்டிலதான்" என்றார். வீட்டுப்பணி என்று எழுதினேன்.

குடும்பத் தலைவர் என்ற சொல் பெண்ணின் உழைப்பை எப்படி மறைக்கின்றது என்று பல்கலைக்கழகத்தில் பத்துப் பக்கத்திற்குக் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். அந்தக் கட்டுரை இன்னமும் அம்மா வீட்டில் பத்திரமாக இருக்கின்றது.

வீட்டைப் பார்ப்பதற்கென்று 155 பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு தோட்டத்திற்குள் ஓர் அறையும் குசினியும். பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். வாசலில் ஒரு பெரிய அலுமினியப் பானை, பக்கத்தில் அடுக்கடுக்காகப் பிரம்புத் தட்டுகள். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கதிரை போட்டார். விடிய மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து ஆமர் வீதிப் பக்கம் இரண்டு கடைக்கும் தோட்டத்தில் இருந்த வீடுகளுக்கும் கொடுக்கிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது. காஸ் இல்லாத நாளில் விறகு, அதுவும் இல்லாத நாளில் பழைய பலகை. ஓட்டோ போன பிறகு வாடகையும் பிள்ளைகளின் ரியூசன் காசும் அந்தப் பானையில் இருந்துதான் வந்திருக்கின்றன. நான் தேநீர் குடித்துவிட்டு, தட்டுகளைத் தாண்டி, அறையின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லொறி வந்த நாளில் அக்கா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் ஊருக்குப் போறீங்க, ஊருக்குப் போறீங்கன்னு சொல்றாங்க மிஸ். எனக்கு ஊர்னு ஒன்னு இல்ல. நான் பொறந்தது இந்த ஜம்பட்டா வீதியில. அது அவரோட ஊரு." அவருடைய அம்மா தோட்டப்புறத்திலிருந்து சிறுவயதில் வேலைக்கு வந்து கொழும்போடு தங்கிவிட்டவர். பிரிகின்ற நேரத்தில் எல்லோரும் சொல்கின்ற பேச்சென்று அதை எடுத்துக்கொண்டு, "போய்ப் பழகினால் சரியாயிடும் அக்கா" என்றேன்.

இதை எழுதும்போது 2007ஆம் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. எனக்கு அப்போது பதினேழு வயது. நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். யூன் 7ஆம் திகதி அதிகாலை கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள். கொழும்பில் தங்குவதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்கவும் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். எங்கள் ஒழுங்கையில் அன்று யாரும் சமைக்கவில்லை. 1958இலும் 1983இலும் கொழும்பு முகாம்களில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போன கதைகளை அப்பம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். பொலிசார் செய்ததையும் நான் செய்ததையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் "கொழும்பில் தங்கியிருப்பதற்கான காரணம்" என்ற வரி எமது படிவத்திலும் இருந்தது. அந்த வீட்டில் ஒருவருக்குக் காரணம் இருந்தது, அவரிடம் நான் கேட்கவில்லை.

முதல் ஆறு மாதம் தொலைபேசியில் நல்ல செய்திதான். காலபோக விதைப்பு முடிந்தது. பெரியவளுக்குப் பக்கத்துப் பாடசாலையில் இடம் கிடைத்தது. கொழும்பில் ஆங்கில மொழிமூலம் படித்த பிள்ளைக்கு அங்கே அந்த வகுப்பு இல்லை என்பதை அண்ணை சொல்லவில்லை, பிள்ளைதான் ஒருநாள் அவருடைய போனில் சொன்னாள். மேட்டுக்காணியில் தோட்டம் செய்யத் தண்ணீர் வேண்டுமென்று, அக்காவின் சங்கிலியை அடகு வைத்து மார்கழியில் குழாய்க்கிணறு அடித்தார்கள்.

2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அக்கா தானே எடுத்தார். வீட்டுத்திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கின்றார்கள். காணி ஆவணம் கேட்டிருக்கின்றார்கள். மாமி ரங்குப்பெட்டியில் இருந்து பழைய அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்திருக்கின்றார். "பேப்பர்ல எங்க பேரு எங்கயும் இல்ல மிஸ். அவரோட அண்ணன் பேருதான் இருக்கு. நீங்க காணி இருக்குன்னுதானே எங்கள அனுப்பினீங்க?"

அடுத்த வாரமே வெள்ளவத்தையில் இரவு பஸ் எடுத்துப் போனேன். அக்கராயன் பக்கத்தில் அந்தக் கிராமம். வயல் அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. அக்காவுடன் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போனோம். அங்கே இருந்த உத்தியோகத்தர் ஒரு பெண், பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதை உங்களுக்கும் சொல்கின்றேன், ஏனென்றால் வன்னியில் "எங்கட காணி" என்று சொல்லப்படுபவற்றில் பெருந்தொகை இப்படியானவைதான்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி உறுதிக்காணி போன்றதல்ல. பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்ள முடியாது, நினைத்தபடி விற்கவும் முடியாது. அனுமதிப்பத்திரக்காரர் தனக்குப் பின் இன்னார் என்று ஒரு பின்னுரித்தாளரைப் பதிந்து வைக்கலாம். அவர் இறந்தால் மனைவி உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கலாம். ஆனால் மனைவியைப் பின்னுரித்தாளராகப் பதியவில்லை என்றால், அவர் வேறொருவரை நியமிக்க முடியாது. அவருக்குப் பின் காணி பதியப்பட்டவருக்கே போகும். அந்தப் பின்னுரித்தாளர் காணி வேண்டாமென்று மறுத்தாலோ ஆறு மாதத்திற்குள் வந்து அதைப் பொறுப்பெடுக்காவிட்டாலோ அவருடைய உரிமை தவறும். யாரையும் பதியாமல் விட்ட இடங்களில் பெண்ணுக்கு முன் ஆண் என்றிருந்த பழைய வரிசையை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கியிருக்கின்றார்கள். நல்ல காரியம். ஆனால் இந்த வீட்டில் மாமா எண்பதுகளிலேயே மூத்த மகனைப் பதிந்துவிட்டுப் போய்விட்டார். மூத்தவர் பிரான்சில் இருக்கின்றார்.

ஆகவே மாமி இருக்கும்வரை இவர்கள் இருக்கலாம். மாமிக்கு எழுபத்தாறு வயது. பிரதேச செயலகத்து மரத்தின் கீழ் நின்று அக்கா இதைத் தனக்குத் தானே இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒலகத்துல எந்த மருமக மாமிய இப்படிப் பாத்துக்கிறா மிஸ்? அவங்க இருமினா எனக்குத் தூக்கம் போயிடுது."

உண்மையில் பார்த்துக்கொள்ளத்தான் செய்கின்றார். கொழும்பில் சைக்கிளே தொட்டிராதவர், முழங்காலை உடைத்துக்கொண்டு ஓடப் பழகி, மாதா மாதம் மாமியைப் பின்னால் இருத்தி கிளினிக்குக்குக் கொண்டு போகின்றார். மாமிதான், கிணற்றடியில் யாரோ ஒருத்தி அக்காவின் பேச்சை வைத்துத் "தோட்டக்காட்டாள்" என்று சொன்னபோது, வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனவர். எழுபதுகளின் கலவரங்களில் மலையகத்தில் இருந்து துரத்தப்பட்டு அந்த மண்ணைக் காடு வெட்டித் திருத்தியவர்களின் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் அது. அங்கேயும் இந்தச் சொல் சாகவில்லை.

மூத்தவருக்கு நாங்கள் கடிதம் எழுதினோம். தனக்கு அந்த உரிமை வேண்டாம் என்று எழுத்தில் தந்தால் தம்பி தன் பெயருக்கு முயற்சி செய்யலாம் என்று கேட்டிருந்தோம். ஒருமுறை தொலைபேசியில் "பாப்பம்" என்றார். கடிதத்திற்கு இன்றுவரை பதில் இல்லை. குழாய்க்கிணறு அடித்த பற்றுச்சீட்டு, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் அக்கா தன் பெயரிலேயே ஒரு கோவையில் வைத்திருக்கின்றார். அது எப்போதாவது உதவுமா என்று என்னிடம் கேட்டார். உதவும் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வைத்திருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது ஒரு குடும்பம் ஊருக்குப் போக வேண்டுமென்று வந்தால், வீட்டுப் பெண்ணைத் தனியாக இருத்திக் கேட்ட பிறகுதான் பேனாவைத் திறக்கின்றேன். காணி யார் பெயரில், உறுதியா அனுமதிப்பத்திரமா, பின்னுரித்தாளர் யார் என்று கேட்டு, பத்திரத்தின் பிரதியைக் கண்ணால் பார்க்கின்றேன். அவர் இங்கே என்ன உழைக்கின்றார், அதை அங்கே செய்ய முடியுமா என்றும் கேட்கின்றேன். இதனால் என்னுடைய கோவைகள் முடியத் தாமதமாகின்றன என்று அலுவலகத்தில் குறை இருக்கின்றது. இருக்கட்டும்.

போன தைப்பொங்கலுக்கு அக்கா பேசியபோது, திரும்பிக் கொழும்புக்கு வர விருப்பமா என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. "இதக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாளாச்சா மிஸ்" என்றார். பிறகு, பெரியவள் சாதாரண தரம் எழுதி முடிக்கட்டும், அதுக்குள்ள அலைக்கழிக்க மாட்டேன் என்றார். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு இடியப்பம் கேட்கின்றார்களாம். பானையும் தட்டும் உரலும் கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இருக்கின்றன என்று அப்போதுதான் எனக்குச் சொன்னார். லொறியில் இடம் இருந்தும் அன்று அவற்றை ஏற்றாமல் விட்டிருக்கின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவற்றை வாங்கிக்கொண்டு 155இல் வெள்ளவத்தைக்கு வந்து, இரவு பஸ்ஸில் ஏற்றினேன். பானைக்கென்று தனியாக ஐந்நூறு ரூபா கேட்ட கொண்டக்டர் கடைசியில் இருநூறுக்கு இறங்கினார். கிளிநொச்சியில் இறங்கி, பஸ் நிலையத்தில் விடியும்வரை பானைக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் பஸ்ஸில் அக்காவும் பெரியவளும் வந்தார்கள். அக்கா என்னை விசாரிக்க முதலே மூடியைத் திறந்து தட்டுகளை எண்ணினார்.

"ரெண்டு குறையுதே மிஸ்."