கணனி சொல்லும் பெயர் யாருடையது?

ஈய எழுத்துக் காலத்துப் பத்திரிகை அலுவலகங்களில் நல்ல வழக்கமொன்று இருந்தது. அச்சுப்படியைத் திருத்திய ஒப்புநோக்காளர் அதன் ஓரத்திலே தமது முதலெழுத்தை இடுவார். மறுநாள் பிழை கண்டால் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாற் போதும். கையெழுத்தே ஆளைக் காட்டிவிடும். கணனி வந்தபின் அத்தாளும் போயிற்று, அந்த எழுத்தும் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையைக் கையிலெடுப்பவர் பலரும் முதலிற் புரட்டுவது மரண அறிவித்தற் பக்கத்தைத்தான். நானறிந்த அலுவலகமொன்றில் அவ்வறிவித்தல்களை மைக்ரோசொப்ட் அக்செஸ் தரவுத்தளத்திற் பதிந்து வந்தார்கள். ஒருமுறை அந்தியேட்டித் திகதியொன்றை எவரோ மாற்றிவிட்டார். கொழும்பிலிருந்து வந்த உறவினர் கிரியை முடிந்த பின்னரே வந்து சேர்ந்தனர். பதிவில் 'மாற்றியவர்' என்ற இடத்தில் 'அட்மின்' என்றிருந்தது. கணனியின் முன் அதிக நேரம் இருப்பவள் தட்டச்சுச் செய்யும் பிள்ளை. பழி அவள்மேல் விழுந்தது. பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அவள் விடுமுறையில் நின்ற நாட்களின் பதிவுகளிலும் அதே 'அட்மின்'தான்!

காரணம் எளிது. அக்செஸிடம் 'கரண்ட்யூசர்' என்ற கட்டளையால் "இப்போது இருப்பவர் யார்?" என்று கேட்டால், அது தன் சொந்தப் பயனர் பட்டியலைத்தான் பார்க்கும். அப்பட்டியலை எவரும் அமைக்காவிடின், வருபவர் அனைவரையும் 'அட்மின்' என்றே அது ஏற்றுக்கொள்ளும். 2007ஆம் ஆண்டுப் பதிப்புடன் வந்த புதிய கோப்பு வடிவத்திலோ அந்தப் பட்டியல் வசதியே கைவிடப்பட்டது.

ஆகவே விண்டோஸிடம் கேட்கவேண்டும். அதற்கு இரு வழிகள் உண்டு. 'என்விரோன்' என்ற கட்டளை, விண்டோஸ் எழுதி வைத்துள்ள பயனர் பெயரை வாசித்துச் சொல்லும். ஆனால் அது சுவரில் ஒட்டிய துண்டுச்சீட்டுப் போன்றது. விபரமறிந்தவர் அதில் வேறு பெயரை எழுதிவிட்டு அக்செஸைத் திறக்கலாம். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் 'கெட்யூசர்நேம்' என்ற செயற்கூற்றை அழைப்பது மேல். கடவுச்சொல் கொடுத்து உள்நுழைந்த கணக்கின் பெயரை அது நேரே தரும்.

அதுவும் கணக்கின் பெயரே, ஆளின் பெயரன்று. ஒரே கடவுச்சொல்லை ஐந்துபேர் அறிந்த இடத்தில், ஒருவர் திறந்துவிட்டுத் தேநீருக்குப் போன கணனியில், அந்தப் பெயருக்கு என்ன பெறுமதி? திறப்பு எதுவென்று கணனி சொல்லும். திறந்த கை எதுவென்று சொல்லாது.

இது சிறிய விடயமன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றிக் கணனியுட் புகுவது இலங்கையிற் குற்றமாகும். பதிவிலுள்ள பெயரொன்று ஒருவரை நீதிமன்றம் வரை கொண்டுசெல்லக்கூடும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றதை நாம் மறக்கவில்லை. செய்தியை எழுதியவர் யாரென்பது வெளியே தெரியாதிருப்பதே உயிர்க்காப்பாக இருந்த காலம் அது. எனவே யார் எதை எழுதினார், எப்போது திருத்தினார் என்ற பதிவை வைத்திருப்போர், அதை எவர் பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுங்கள். கதிரையை விட்டெழும்போது திரையைப் பூட்டச் சொல்லுங்கள். பெயரையும் நேரத்தையும் பதியுங்கள். அப்பதிவைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படையுங்கள். இத்தனையும் செய்த பின்னரும் அந்தப் பெயரை விசாரணையின் தொடக்கமாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.