மவுஸால் கட் பண்ண முடியாதது

'டிஜிட்டல்' என்று போர்டு வைத்துவிட்டால் போதும், நம்ம ஆட்களுக்குப் பாதி வியாதி வாசலிலேயே குணமாகிவிடும்!

ஒலக்கூர்க்காரர்களுக்கு எக்ஸ்ரே என்றால் பக்கத்தில் திண்டிவனம். இன்னும் பெரிய சமாசாரம் என்றால் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி. என் அக்கா பையனுக்கு நாலு வயசு. விடாத இருமல். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். ஒரு சென்டருக்கு (பேர் வேண்டாமே!) தூக்கிக்கொண்டு போனோம். கம்ப்யூட்டரில் படம் வந்தது. தாடையிலிருந்து தொடை வரை பையன் முழுசாகத் தெரிகிறான்!

"நெஞ்சுதானே தம்பி எழுதியிருக்கு?"

"டிஜிட்டல் சார்! வேண்டாததைக் கட் பண்ணிடலாம்" என்று மவுஸைத் தட்டினார். வயிறு மறைந்தது. படத்தில்தான்! பையன் வயிறு வாங்கிய கதிரை எந்த மவுஸால் கட் பண்ணுவது?

பழைய ஃபிலிம் கண்டிப்பான வாத்தியார். கதிர் கூடினால் கறுத்துப்போய் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். டிஜிட்டலோ ரொம்ப நல்லவர். கதிர் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகி டாக்டர் திட்டுவார். கூடினால் கம்ப்யூட்டரே சரிக்கட்டிவிடும், படமும் பளிச். பந்தியில் நெய் கூடினால் யாராவது சண்டைக்கு வருவார்களா? அதனால் அளவு மெல்ல மெல்ல ஏறும். இதைப் பிடிக்க 'எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்' என்று ஒரு நம்பர் உண்டு. 2008-லேயே அதற்குச் சர்வதேச அளவுகோல் வந்துவிட்டது. நம்பரைப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

விஷயம் கேட்ட அக்கா, "இனிமே எக்ஸ்ரேயே வேணாம்டா" என்றாள். அதுவும் சரியில்லை. முறையாக எடுத்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மாவே சில நாட்களில் நமக்குக் கிடைக்கிற அளவுதான். அதற்குப் பயந்து நிமோனியாவைக் கோட்டை விடலாமா? ஆனால் குழந்தைக்கு வளர்கிற உடம்பு, முன்னால் நீண்ட ஆயுசு. அநாவசியமாக ஒரு சொட்டுகூட வேண்டாம் என்பதுதான் கணக்கு.

ஆகவே நண்பர்களே, மூன்றே கேள்விகள். 'பழைய படம் இருக்கே, புதுசு அவசியமா டாக்டர்?' 'அந்த வெளிச்சக் கட்டம் நெஞ்சோட நிக்குதா தம்பி?' 'பையன் அசையாம இருக்க என்ன பண்ணணும்?' அசைந்தால் இன்னொரு படம், இன்னொரு டோஸ்!

ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிஷம் வாதாடுகிறோம். பிள்ளைக்காக அரை நிமிஷம் வாய் திறக்கக்கூடாதா?